கடலை மிட்டாயின் ஊட்டச்சத்து

கடலை மிட்டாய் என்பது வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை முற்றிய வெல்லப் பாகில் கலந்து, பலகையில் கொட்டித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டு எடுக்கப்படும் இனிப்பு. தமிழ்நாடு முழுவதும் பெட்டிக்கடைகளில் கிடைக்கும் இந்த மிட்டாய்க்குப் பெயர் பெற்ற ஊர் கோவில்பட்டி. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் இந்நகரம், 1986இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. மேல்நாடுகளில் கடலையும் இனிப்பும் சேர்ந்த தின்பண்டம் என்றால் பெரும்பாலும் சாக்லேட்டுக்குள் கடலை வெண்ணெய் வைத்த மிட்டாய்தான். இரண்டுக்கும் அடிப்படை ஒரே பருப்பு. ஆனால் அந்தப் பருப்போடு எது, எவ்வளவு சேர்கிறது என்பதில் இரண்டும் பிரிகின்றன.

கடலை மிட்டாயைப் பற்றி இரண்டு பேச்சுகள் நிலவுகின்றன. ஒன்று, அது வெறும் இனிப்பு, பல்லைக் கெடுக்கும் என்பது. மற்றொன்று, அது ஏழைகளின் சத்துணவு, இரத்தம் ஊறும், உடம்பு தேறும் என்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்பதைத் துண்டின் எடையையும் அதில் உள்ள கடலையின் பங்கையும் வைத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

கோவில்பட்டியும் தாமிரபரணித் தண்ணீரும்

தென் மாவட்டங்களில் கடலையைப் பனங்கருப்பட்டிப் பாகில் பிடித்துத் தின்னும் வழக்கம் முதலில் இருந்தது. 1940களில் கோவில்பட்டியில் மளிகைக்கடை நடத்திய பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்தில் செய்து விற்கத் தொடங்கியதே இன்றைய கோவில்பட்டி கடலை மிட்டாயின் தொடக்கம் என்று கூறப்படுகிறது. கரிசல் வட்டாரக் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். மேலே இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறமூட்டிய தேங்காய்த் துருவலைத் தூவுவதும் உண்டு. 2020 ஏப்ரல் 30 அன்று கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோவில்பட்டி தாமிரபரணிக் கரையில் இல்லை. பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கும் அந்த ஆற்றிலிருந்து, சீவலப்பேரி குடிநீர்த் திட்டத்தின் குழாய் வழியாகத்தான் கரிசல் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. கரிசல் பூமியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. உவர் நீரில் வெல்லம் கரைத்தால் பாகின் ருசி மாறும் என்பதால் ஆற்று நீருக்கு மிட்டாய்க்காரர்கள் தரும் மதிப்பு நியாயமானதே. ஆனால் ஊட்டச்சத்துக் கணக்கில் தண்ணீருக்கு இடமில்லை. பாகு காய்ச்சும்போது ஏறத்தாழ முழுவதும் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சும் தாது உப்புகள் மிகச் சொற்பம். ஆற்றின் பெருமை நாக்கோடு நின்றுவிடுகிறது.

அதே ஆற்றுத் தண்ணீரால் புகழ்பெற்ற இன்னொரு இனிப்பு திருநெல்வேலி அல்வா. சத்தைப் பார்த்தால் இரண்டும் இரு துருவங்கள். அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிகிறார்கள். தவிடும் பெரும்பங்கு புரதமும் சக்கையோடு போய்விட, பாத்திரத்தில் சேர்வது பெரும்பாலும் மாவுப்பொருள். அதில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிறார்கள். அதாவது தானியத்தின் சத்தான பகுதியை விலக்கித்தான் அல்வா பிறக்கிறது. கடலை மிட்டாயில் பருப்பு அப்படியே, முழுதாகவோ இரண்டாக உடைந்தோ இருக்கிறது. அல்வாவை ருசிக்காகச் சாப்பிடலாம், அதில் தவறில்லை. சத்து என்று சொல்லிச் சாப்பிட வேண்டியதில்லை.

வறுவலும் பாகும்

நிலக்கடலை பெயரளவில்தான் கொட்டை. தாவரவியலின்படி அது துவரை, உளுந்து போல அவரைக் குடும்பத்துப் பயறு. தென் அமெரிக்காவில் தோன்றி, கடல் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. வட தமிழ்நாட்டில் அதை மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று சொல்லும் வழக்கு அந்தப் பயணத்தின் தடயம்.

மிட்டாய்க்கு முதல் வேலை வறுப்பது. வறுக்கும்போது ஈரம் போய் மணம் பிறக்கிறது. புரதமும் கொழுப்பும் பெரிதாகக் குறைவதில்லை. வெப்பம் தாங்காத தயமின், ஃபோலேட் ஆகிய வைட்டமின்களில் ஒரு பங்கு அழிகிறது. வைட்டமின் ஈயும் சற்றுக் குறைகிறது. நியாசின் வெப்பத்தைத் தாங்கும். வறுத்த பின் சிவப்புத் தோலைப் புடைத்து நீக்குகிறார்கள். அந்தத் தோலில்தான் கடலையின் பாலிஃபீனால்கள் செறிந்திருக்கின்றன. அழகுக்காகவும் துவர்ப்பு நீங்கவும் தோல் போகிறது. கூடவே அவையும் போகின்றன. தோலோடு செய்த மிட்டாய் எங்காவது கிடைத்தால் அதை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாகு. வெல்லத்தைக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, கொதிக்கவிடுகிறார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துப் பாத்திரத்தில் போட்டால் கல் விழுந்ததுபோல் சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். இளம்பாகில் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், சீக்கிரம் கசியும். சில தயாரிப்பாளர்கள் பாகு பூத்துப் போகாமல் இருக்கத் திரவ குளுக்கோஸைச் சேர்க்கிறார்கள். அது வெல்லத்தைவிட மோசமான நஞ்சு ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் சர்க்கரைதான் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு துண்டில் என்ன இருக்கிறது?

100 கிராம் நிலக்கடலையில் சுமார் 570 கிலோகலோரி ஆற்றல், 25 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு, 8 கிராம் நார்ச்சத்து உள்ளன. 100 கிராம் வெல்லத்தில் சுமார் 380 கிலோகலோரி. அதில் புரதமும் கொழுப்பும் பெயருக்குத்தான், ஏறத்தாழ எல்லாமே சர்க்கரை. ரகத்தையும் ஆய்வு அட்டவணையையும் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும்.

கடலைக்கும் வெல்லத்துக்கும் உள்ள விகிதம் கடைக்குக் கடை வேறு. எடுத்துக்காட்டாக 100 கிராம் மிட்டாயில் 60 கிராம் கடலையும் 40 கிராம் வெல்லமும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆற்றல் சுமார் 490 கிலோகலோரி, புரதம் 15 கிராம், கொழுப்பு 29 கிராம், நார்ச்சத்து 5 கிராம், வெல்லத்தால் வரும் சர்க்கரை 35 கிராம். 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டுக்கு இதைச் சுருக்கினால் சுமார் 150 கிலோகலோரி, நாலரை கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு, பத்தரை கிராம் சர்க்கரை. அதாவது இரண்டரைத் தேக்கரண்டிச் சர்க்கரை.

நாலரை கிராம் புரதம் குறைவில்லை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த ஒரு நாள் புரதம் சுமார் 46 கிராம். ஒரு துண்டு மிட்டாய் அதில் பத்தில் ஒரு பங்கைத் தருகிறது. தேநீரோடு தின்னும் வழக்கமான பிஸ்கட்டிலோ மிக்சரிலோ அதே காசுக்கு இதைப் பெறுவது கடினம்.

கொழுப்பு 9 கிராம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. கடலை எண்ணெயில் ஏறத்தாழ பாதி ஓலியிக் அமிலம், மூன்றில் ஒரு பங்களவு லினோலியிக் அமிலம். இரண்டும் நிறைவுறாக் கொழுப்புகள். இதயத்துக்குக் கவலை தரும் நிறைவுற்ற கொழுப்பு ஒரு துண்டில் ஒன்றேகால் கிராம் அளவுக்கே இருக்கும். இன்னொரு சிறு சாதகமும் உண்டு. முழுப் பருப்பாக மென்று தின்னும்போது, பல்லுக்குத் தப்பிய துணுக்குகளில் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. மையாக அரைத்த கடலை வெண்ணெயில் அது நிகழ்வது குறைவு. இவை தவிர மக்னீசியம், நியாசின் இரண்டும் கடலையில் தாராளமாக உண்டு. 100 கிராம் கடலையில் மக்னீசியம் சுமார் 170 மில்லிகிராம், நியாசின் சுமார் 12 மில்லிகிராம்.

இப்போது விகிதத்தை மாற்றிப் பார்க்கலாம். கடலை 40, வெல்லம் 60 என்று ஆகிவிட்டால் 100 கிராம் மிட்டாயில் புரதம் 15 கிராமிலிருந்து 10 கிராமுக்கு இறங்குகிறது. சர்க்கரை 35 கிராமிலிருந்து 50 கிராமைத் தாண்டுகிறது. கலோரியோ 490இலிருந்து 450க்குத்தான் குறைகிறது. கலோரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவது மிட்டாய் நல்லது போலத் தோன்றும். உண்மை நேர்மாறு. கடலை விலை ஏறும்போது தயாரிப்பாளருக்குக் கைகொடுப்பதும் இந்த விகித மாற்றம்தான்.

சாக்லேட் கடலை மிட்டாயுடன் ஒப்பீடு

சாக்லேட் கிண்ணத்துக்குள் கடலை வெண்ணெய் வைத்த மிட்டாயை 1928இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹெர்ஷி நகரில் ஹாரி பர்னெட் ரீஸ் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரீசஸ் என்ற பெயரில் இன்றும் விற்கும் அந்த மிட்டாயின் இரண்டு கிண்ணங்கள் கொண்ட பொட்டலம் 42 கிராம். அதில் சுமார் 210 கிலோகலோரி, 5 கிராம் புரதம், 12 கிராம் கொழுப்பு, அதில் நாலரை கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு, சுமார் 22 கிராம் சர்க்கரை, 150 மில்லிகிராம் சோடியம்.

மேலே சொன்ன 60க்கு 40 கடலை மிட்டாயை அதே 42 கிராம் எடுத்தால் ஆற்றல் 207 கிலோகலோரி, கொழுப்பு 12 கிராம். ஆச்சரியம் என்னவென்றால் இந்த இரண்டு எண்களிலும் இரு மிட்டாய்களும் ஒன்றேதான். வேறுபாடு உள்ளே இருக்கிறது. கடலை மிட்டாயில் புரதம் ஆறரை கிராம், சேர்த்த சர்க்கரை 15 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்கும் கீழே, சோடியம் மிகக் குறைவு.

காரணம் எளிது. ரீசஸ் உறையில் பொருள்களின் வரிசை பால் சாக்லேட்டில் தொடங்குகிறது. கடலை அடுத்துத்தான் வருகிறது. பால் சாக்லேட்டிலோ பாதியளவு சர்க்கரை. கொக்கோ வெண்ணெயிலும் பால் கொழுப்பிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். கொக்கோ வெண்ணெயில் கணிசமாக உள்ள ஸ்டியரிக் அமிலம் இரத்தக் கொலஸ்டிராலை அவ்வளவாக உயர்த்துவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பால் சேர்வதால் சாக்லேட் மிட்டாயில் சிறிது கால்சியம் உண்டு. கடலை மிட்டாய் அந்த வகையில் ஏழை.

கறுப்புச் சாக்லேட் வேறு கதை. 70 விழுக்காட்டுக்கு மேல் கொக்கோ உள்ள சாக்லேட்டில் சர்க்கரை குறைவு, நார்ச்சத்தும் மக்னீசியமும் கடலையைவிட அதிகம். ஆனால் கடலை மிட்டாயின் மேல் சாக்லேட் பூசி விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது அது அல்ல. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த மலிவான காம்பவுண்ட் சாக்லேட்டுதான் பூச்சுக்கு வசதி. அதனால் கூடுவது நிறைவுற்ற கொழுப்பும் சர்க்கரையும். நல்லதொரு பண்டத்துக்கு அவசியமில்லாத மேலாடை அது.

இரும்புச்சத்து என்ற நம்பிக்கை

வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு, ஆகவே கடலை மிட்டாய் இரத்தசோகையைப் போக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ஆகவே இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது வெறும் அறிவு விளையாட்டு அல்ல.

வெல்லத்தின் இரும்பு அளவு அட்டவணைக்கு அட்டவணை பெரிதும் மாறுகிறது. 100 கிராமுக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவாகக் காட்டும் அட்டவணையும் உண்டு, 11 மில்லிகிராம் காட்டும் பழைய அட்டவணையும் உண்டு. கரும்பு விளைந்த மண், காய்ச்சிய இரும்புக் கொப்பரை, ஒட்டிய தூசு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நடுவாக 5 மில்லிகிராம் என்று கொண்டாலும் 30 கிராம் துண்டில் உள்ள 12 கிராம் வெல்லம் தருவது 0.6 மில்லிகிராம். அதிலுள்ள 18 கிராம் கடலை தருவது ஏறத்தாழ 0.5 மில்லிகிராம். ஆக ஒரு துண்டில் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்பு.

வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாள் பரிந்துரை 29 மில்லிகிராம். மிட்டாயை மட்டும் நம்பினால் 29 துண்டுகள் தின்ன வேண்டும். அதன் எடை 870 கிராம், ஆற்றல் 4,200 கிலோகலோரிக்கு மேல், சர்க்கரை 300 கிராம். இரத்தசோகை தீருமுன் வேறு நோய் வந்துவிடும். தாவர உணவில் உள்ள இரும்பு உடலில் குறைவாகவே சேர்கிறது. கடலையில் உள்ள ஃபைடிக் அமிலம் அதை இன்னும் தடுக்கிறது. மிட்டாயைக் கடித்துக்கொண்டே தேநீர் குடித்தால் தேநீரின் டானினும் சேர்ந்து தடுக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைக் கூடவே சேர்த்தால் நிலைமை சற்று மேம்படும்.

இரத்தசோகை உள்ள பெண்ணோ வளரிளம் பிள்ளையோ மருத்துவமனையில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை ஒதுக்கிவிட்டு, 'தினமும் கடலை மிட்டாய் சாப்பிடுகிறேனே' என்று இருந்துவிடுவதுதான் இந்த நம்பிக்கையின் உண்மையான ஆபத்து. மாத்திரைக்கு மாற்றாக மிட்டாய் ஆகாது. மாத்திரையும் மிட்டாயும் ஒன்றாக இருப்பதில் மறுப்பில்லை. இரண்டுக்கும் இடையே கொஞ்சம் நேரம் விட்டால் போதும்.

கருப்பட்டியில் செய்தால் கணக்கு மாறுமா? உடன்குடிக் கருப்பட்டியின் ருசி தனி. தாதுக்களும் வெள்ளைச் சர்க்கரையைவிட அதிகம். ஆனால் அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வழிகாட்டுதல்படி, ஒரு நாள் ஆற்றலில் சேர்த்த சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இந்த வரம்புக்கு உள்ளேதான் எண்ணப்பட வேண்டும். மேலும் காப்பி, தேநீர், பாயசத்தில் போனதும் அதே கணக்கில்தான் சேரும்.

புரதத்தின் தரம்

கடலைப் புரதத்தில் லைசின் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் குறைவு. அரிசி, கம்பு, சோளம் ஆகியவற்றிலும் லைசின்தான் குறைவு. எனவே சோற்றுக்குக் கடலைத் துவையல் தொட்டுக்கொண்டால் புரதத்தின் அளவு கூடுமே தவிர அந்தக் குறை முழுதாக நிரம்பாது. துவரம்பருப்பு, தட்டாம்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், பால், முட்டை, மீன் ஆகியவற்றில் லைசின் உண்டு. கடலை மிட்டாயோடு ஒரு தம்ளர் பால் என்ற பழைய சேர்க்கை இந்த வகையில் சரியான சேர்க்கை.

இதற்கு உலக அளவிலான சான்று ஒன்று உண்டு. 1996இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாந்த் என்ற குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுத் தொழில்நுட்பரும் பிளம்பிநட் என்ற பசையை உருவாக்கினார்கள். கடும் ஊட்டக்குறைவால் எலும்பும் தோலுமான குழந்தைகளை மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலேயே தேற்ற அது உதவியது. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி. அடிப்படைப் பொருள் அரைத்த கடலை. கூடச் சர்க்கரை, எண்ணெய். இதுவரை பார்த்தால் கடலை மிட்டாயின் உறவுக்காரன்தான். ஆனால் அதில் பால் பொடியும், அளந்து கலந்த வைட்டமின்களும் தாதுக்களும் சேர்கின்றன. லைசின் குறையைப் பால் நிரப்புகிறது. இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ போன்ற குறைகளை அந்தக் கலவை நிரப்புகிறது. கடலை மிட்டாயில் எது இல்லை என்பதை இந்தப் பசையின் பொருள் பட்டியலே சொல்லிவிடுகிறது. மெலிந்த பிள்ளைக்கு மிட்டாய் துணை உணவாகலாம், சிகிச்சை ஆகாது.

பூஞ்சை நஞ்சு

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனமாகத் தந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்து உருவான நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அது ஐயமின்றி உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.

மானாவாரிக் கடலைக்கு இது நேரடிக் கவலை. காய் முற்றும் நாட்களில் மழை பொய்த்து நிலம் வறண்டால் நிலத்துக்குள்ளேயே காயில் பூஞ்சை ஏறும். அறுவடைக்குப் பின் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினாலும் ஏறும். வறுத்தால் நஞ்சு ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. ஆகவே உண்மையான பாதுகாப்பு வறுக்கும் முன்னும் பின்னும் உட்கார்ந்து சொத்தை, சுருங்கல், நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எடுப்பதில்தான் இருக்கிறது. நஞ்சின் பெரும்பகுதி ஒரு சில கெட்ட பருப்புகளில்தான் குவிந்திருக்கும். அவற்றைத் தள்ளினால் மொத்தச் சரக்கும் பெருமளவு தேறிவிடும். பொறுக்குவது கூலி பிடிக்கும் வேலை. மிகக் குறைந்த விலை மிட்டாயில் முதலில் விடுபடுவதும் அந்த வேலையாக இருக்கக்கூடும். கசக்கும் கடலை வாயில் அகப்பட்டால் விழுங்காமல் துப்பிவிடுவது நல்லது. சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். அது பூஞ்சைக்கான அறிகுறி அல்ல, என்றாலும் அந்த மிட்டாயைத் தின்ன வேண்டாம்.

யார், எப்படிச் சாப்பிடலாம்?

4, 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முழுக் கடலையோ கெட்டியான மிட்டாயோ தரக்கூடாது. பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இடித்துப் பொடித்தோ, பாலில் குழைத்தோ கொடுக்கலாம்.

கடலை ஒவ்வாமை மேல்நாடுகளில் பெரிய சிக்கல். குழந்தைக்குக் கடலையே காட்டாமல் வளர்ப்பதுதான் பாதுகாப்பு என்று முன்பு கருதினார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், ஒரு வயதுக்கு முன்பே கடலை உணவு உண்ணத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஏற்கெனவே கடும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஒவ்வாமை உறுதியானவருக்கு ஒரு துணுக்குக் கடலையும் ஆகாது.

நீரிழிவு உள்ளவர்கள் வறுகடலையை அளவாகத் தின்னலாம். அது இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்தும். கடலை மிட்டாய் அப்படியல்ல. கடலையின் கொழுப்பும் நாரும் வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் இரண்டரைத் தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகத்தான் செய்யும். 'வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது' என்ற வாதத்தை இரத்தப் பரிசோதனை ஏற்பதில்லை. பற்களுக்கும் அதே கதைதான். ஒட்டும் பாகு பல்லிடுக்கில் தங்கும். தின்ற பின் வாயைக் கொப்பளிப்பது சிறு வேலை.

கடையில் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் பார்ப்பது பயன் தரும். எடையில் அதிகமான பொருள் முதலிலும் குறைவானது கடைசியிலும் வர வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நிலக்கடலை முதலில் இருந்தால் நல்லது. வெல்லமோ சர்க்கரையோ முதலில் இருந்தால் அது பெயரில் மட்டும்தான் கடலை மிட்டாய். வெல்லம், சர்க்கரை, திரவ குளுக்கோஸ் என்று இனிப்பு மூன்று பெயர்களில் பிரிந்து, கடலை முதலிடத்தில் நிற்பதும் உண்டு. அப்போது 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்ற வரியைப் பார்த்தால் போதும். 15 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் கடலை தாராளமாக விழுந்திருக்கிறது. 10 கிராமுக்குக் கீழே இருந்தால் பாகுக்குத்தான் காசு கொடுக்கிறோம். உறை இல்லாத உதிரி மிட்டாய்க்கு வேறு வழி: துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் பருப்புகள் நெருக்கியடித்து நிற்க வேண்டும், இடையே பாகு கண்ணாடி போல அகலமாகத் தெரியக் கூடாது.